குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

ஜுமுஆ உரை, திருத்தணி

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

எனக்கும் உங்களுக்கும் முதல் உபதேசமாகத் தக்வாவைச் சொல்கிறேன். அல்லாஹ்வை அஞ்சுவது தொழுகை விரிப்போடு முடிந்துவிடுவதில்லை. கல்லாப்பெட்டியிலும், பேங்க் பாஸ்புக்கிலும், செல்போனில் இருக்கிற ஆப்பிலும் அது தொடர வேண்டும்.

இன்று நாம் பேசப்போவது முதலீட்டைப் பற்றி. தங்கத்தில் போடலாமா, கச்சா எண்ணெயில் போடலாமா, சோலாரில் போடலாமா, ரோடு போடுகிற கம்பெனியில் பங்கு வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நகைச்சீட்டு கூடுமா என்று தாய்மார்கள் கேட்டனுப்புகிறார்கள். நல்ல கேள்விகள்தான். ஹலாலா என்று கேட்கிற உள்ளத்தில் ஈமான் இருக்கிறது. ஆனால் "ஹலால்" என்ற அந்தச் சொல்லை வைத்தே நம் சமுதாயத்தின் பணத்தை அள்ளிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மதீனாவின் கடைவீதியில் நடந்த ஒரு சம்பவம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த நபி (ஸல்) அவர்கள் அந்தக் குவியலுக்குள் தங்கள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று விசாரித்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவரைத் தம் கூட்டத்திலிருந்து விலக்கியே பேசினார்கள்.

சகோதரர்களே! அந்த வியாபாரி மதுவோ பன்றியோ விற்கவில்லை. விற்ற பொருள் ஹலாலான தானியம். ஆனாலும் நபியவர்கள் மேலே பார்த்துவிட்டுப் போய்விடவில்லை, கையை உள்ளே விட்டார்கள். இன்றைய உரையின் கருத்து இதுதான். பொருளின் பெயர் ஹலாலாக இருந்தால் மட்டும் முதலீடு ஹலாலாகிவிடாது. தங்கம் ஹலால், எண்ணெய் ஹலால், மின்சாரம் ஹலால், ரோடு ஹலால். இவற்றின் பெயரால் உங்களிடம் பணம் கேட்கிறவரின் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். பொருள் எங்கே இருக்கிறது? அதில் எனக்கு உண்மையில் என்ன உரிமை? நஷ்டம் வந்தால் அது யாருக்கு?

முதல் கேள்வி, பொருள் எங்கே?

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளை ஒருவர் கேட்டு வந்தால், அதை அவருக்கு முதலில் விற்றுவிட்டு, பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நபியவர்களிடம் கேட்டார்கள். தன்னிடம் இல்லாததை விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். திர்மிதி, அபூதாவூத் போன்ற நூல்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. வாங்கியவர் தானியத்தைத் தன் கைவசம் எடுப்பதற்கு முன் இன்னொருவருக்கு விற்பதையும் தடுத்தார்கள். இதைத்தான் ஃபிக்ஹு நூல்களில் "கப்ழ்" என்று சொல்கிறோம். கைவசமாதல் என்று பொருள்.

இன்று கமாடிட்டி சந்தையில் நடக்கிற ஃபியூச்சர்ஸ் வியாபாரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். எண்ணெய் வாங்குகிறவருக்கு எண்ணெய் தேவையில்லை. விற்கிறவரிடம் எண்ணெய் இல்லை. இருவரும் விலை ஏறுமா இறங்குமா என்று பார்த்து, வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஆலிம்கள் இதைக் கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதன் விளைவை உலகம் 2020 ஏப்ரல் 20 அன்று பார்த்தது. கொரோனா ஊரடங்கில் வண்டிகள் ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை. அமெரிக்காவில் எண்ணெயைச் சேமித்து வைக்கத் தொட்டிகளில் இடமில்லை. காகிதத்தில் எண்ணெய் வாங்கியிருந்தவர்கள், நிஜமான எண்ணெயை எடுத்துக்கொள்ள வேண்டிய நாள் நெருங்கியதும், யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று ஓடினார்கள். ஒரு பீப்பாயின் விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. நம் நாட்டில் எம்.சி.எக்ஸ் சந்தையில் அந்த மாத ஒப்பந்தத்தை ஒரு பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தார்கள். ஒரு லாட் என்றால் 100 பீப்பாய். அன்று ஒரே ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவர் வாங்கிய பணத்தை முழுவதும் இழந்தார். அதற்கு மேலும் 2 லட்சத்து 88 ஆயிரத்து 400 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. தன் வாழ்நாளில் ஒரு சொட்டு கச்சா எண்ணெயைக் கண்ணால் பார்க்காதவர், எண்ணெயால் கடன்காரர் ஆனார். கைவசமாகாததை விற்காதே, வாங்காதே என்ற சட்டம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் சட்டம் இன்னும் கடுமையானது. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கிற ஹதீஸில் நபியவர்கள் ஆறு பொருள்களைக் குறிப்பிட்டார்கள்: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு. தங்கத்துக்கு மாற்றாகப் பணம் கொடுக்கும்போது, அந்த இடத்திலேயே கைக்குக் கை மாறிவிட வேண்டும் என்பது இதிலிருந்து ஆலிம்கள் எடுத்த சட்டம். எனவே கடனுக்குத் தங்க நாணயம் வாங்குவது, பாதிப் பணம் இன்று மீதி அடுத்த மாதம் என்று பேசுவது, இவற்றில் எச்சரிக்கை வேண்டும்.

தாய்மார்கள் கேட்ட நகைச்சீட்டும் இதில் வரும். 11 மாதம் நாம் கட்டுகிறோம், 12-ஆவது மாதத் தவணையைக் கடைக்காரர் போடுகிறார். நாம் கட்டுகிற பணம் நகை வாங்கும் நாள் வரை கடைக்காரரிடம் கடனாக நிற்கிறது. கடன் கொடுத்ததற்காகப் பேசி வைத்த லாபம் வட்டியில் சேரும் என்று பல ஆலிம்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். மாதாமாதம் அந்தப் பணத்துக்குக் கிடைக்கிற அரை கிராமோ ஒரு கிராமோ நாணயமாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் இருக்காது, பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அரசாங்கத்தின் தங்கப் பத்திரமும் அப்படித்தான். 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வெளியிட்ட பத்திரங்களுக்குத் தங்க விலை ஏற்றத்தோடு ஆண்டுக்கு 2.5 சதவீதம் போல வட்டியும் உண்டு. அரசாங்கம் கொடுத்தாலும் வட்டி வட்டிதான். செல்போன் ஆப்பில் 10 ரூபாய்க்கும் "டிஜிட்டல் தங்கம்" விற்கிறார்கள். உங்கள் பெயரில் தனியாக ஒதுக்கப்பட்ட தங்கம் பெட்டகத்தில் இருக்கிறதா, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களா என்று பாருங்கள். செபி அமைப்பே 2025 நவம்பரில் இந்த டிஜிட்டல் தங்கம் தங்கள் கண்காணிப்புக்குள் வராது என்று பொதுமக்களை எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி, எனக்கு என்ன உரிமை? மூன்றாவது, நஷ்டம் யாருக்கு? இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். நம் சமுதாயத்தின் கண்ணீர் இங்கேதான் இருக்கிறது.

நம்முடையது எல்லை ஊர். 1960 வரை திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் நகரி, புத்தூர், திருப்பதி என்று நமக்குச் சொந்தபந்தம் அந்தப் பக்கம்தான் அதிகம். ஹீரா கோல்ட் என்ற பெயரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருப்பதியில் பெண்கள் மத்ரஸா நடத்தியவர் தொடங்கிய நிறுவனம். தங்க வியாபாரம், வட்டி இல்லாத ஹலால் முதலீடு என்றார்கள். ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கும் மேல் லாபம் என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் ஆயிரக்கணக்கான கோடி வாங்கினார்கள் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. 2018 அக்டோபரில் நிறுவனத் தலைவர் கைது செய்யப்பட்டார். ஆண்டுகள் ஓடிவிட்டன. வழக்கு நீதிமன்றங்களில் அலைய, பணம் போட்டவர்களும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்து பெங்களூரு ஐ.எம்.ஏ. 2006-இல் தொடங்கிய நிறுவனம். சிவாஜி நகரில் பெரிய நகைக்கடை. வாடிக்கையாளர் என்று சொல்லாமல் "பங்குதாரர்" என்று சொல்லிச் சேர்த்தார்கள். 2019 ஜூனில் உரிமையாளர் ஒரு ஆடியோவை விட்டுவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். ஜூலையில் டெல்லிக்குத் திரும்பியபோது கைதானார். பல்லாயிரம் பேர் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பகுதி நம் தாய்மார்கள், ஓய்வு பெற்ற முதியவர்கள். சகோதரர்களே, அந்த வழக்கில் ஒரு பள்ளிவாசல் இமாமும் கைது செய்யப்பட்டார்.

ஏதோ முஸ்லிம்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியை நம்பி விவசாயிகள் ஏமாந்தார்கள். 2022-இல் ஆருத்ரா கோல்டு டிரேடிங். அதுவும் தங்க வியாபாரம் என்றுதான் வந்தது. ஆரணி, செய்யாறு பக்கமெல்லாம் ஏஜென்ட் வைத்து, மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கினார்கள் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாதம் 30 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்த ஒருவர் தன் சொந்தப் பணம் 1 லட்சத்தைப் போட்டு, வருகிற லாபத்தையும் அதிலேயே போட்டுக்கொண்டு வந்தால், ஒரு வருடத்தில் அது 23 லட்சத்தைத் தாண்டும். இரண்டு வருடத்தில் 5 கோடியைத் தாண்டும். மூன்று வருடத்தில் 126 கோடி. இப்படிப்பட்ட வித்தை தெரிந்தவருக்கு நம் வீட்டு 1 லட்சம் எதற்கு? பொண்ணு கல்யாணத்துக்கு வைத்திருக்கிற பணத்தைக் கேட்டு ஏன் நம் வாசலில் வந்து நிற்கிறார்? வருகிற புதிய பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தால்தான் வண்டி ஓடும் என்பதால் நிற்கிறார். முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது என்று சாட்சி சொல்கிறோமே, அது தானியக் குவியலின் மேல் பக்கம். உள்ளே ஈரம்.

இஸ்லாம் முதலீட்டைத் தடுக்கவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தங்கள் சரக்கை நபியவர்களிடம் ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு வியாபாரத்துக்கு அனுப்பினார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. இதைத்தான் "முளாரபா" என்கிறோம். அதன் நிபந்தனைகளை நினைவில் வையுங்கள். லாபத்தை விகிதமாகப் பேச வேண்டும், வருகிற லாபத்தில் எனக்குப் பாதி, உனக்குப் பாதி என்று. மாதம் 3,000 நிச்சயம் என்று தொகையாகப் பேசக் கூடாது. நஷ்டம் வந்தால் முதலில் அது முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். அவர் கவனக்குறைவாகவோ மோசடியாகவோ நடந்தால் மட்டும் அவர் பொறுப்பு.

இப்போது புரிகிறதா? "முதலுக்குக் கியாரண்டி, லாபத்துக்கும் கியாரண்டி, இது ஹலால்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரே வாக்கியத்தில் அவர் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டார். கியாரண்டி கொடுத்த நிமிடமே அது கடனாகிவிட்டது, மேலே வருவது வட்டியாகிவிட்டது. வியாபாரமும் வட்டியும் ஒன்றுதான் என்று பேசியவர்களை சூரா பகராவின் 275-ஆவது வசனம் கண்டிக்கிறது. ஷரீஅத்தும் கணக்கும் இங்கே ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. நஷ்டமே வராது என்று சொல்கிற வியாபாரம் ஒன்று வட்டி, இல்லையென்றால் மோசடி.

சரி, ரோடு, துறைமுகம், மின்சாரம் இவற்றில் எப்படிப் போடுவது? நெடுஞ்சாலை ஆணையம் வெளியிட்ட பாண்டுகள் குறிப்பிட்ட சதவீத வட்டிக்குக் கொடுக்கப்பட்ட கடன். ரோடு நல்லது, ஆனால் ஒப்பந்தம் வட்டி. கம்பெனிப் பங்கு என்றால் அதில் நமக்கு உரிமையும் உண்டு, நஷ்டமும் உண்டு. அந்தக் கம்பெனியின் தொழில் ஹலாலா, வட்டிக் கடன் எவ்வளவு, வட்டி வருமானம் எவ்வளவு என்று பார்த்து ஆலிம்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். மும்பைப் பங்குச் சந்தையில் 2010-இல் அப்படி வடிகட்டிய 50 கம்பெனிகளுக்கு ஷரீஅத் குறியீடு ஒன்றே தொடங்கப்பட்டது. மின் நிலையம், டோல் ரோடு கம்பெனிகள் பெரிய கடன் வாங்கித்தான் நடக்கும், அதனால் பல கம்பெனிகள் அந்த வடிகட்டலில் நிற்காது. தெரிந்த ஆலிமிடமும், கணக்கு தெரிந்தவரிடமும், இருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய முதலீடும் உண்டு. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் தருகிறது. வட்டிக்கடன் இல்லாமல் மீதியைச் சேமித்துப் போட முடிந்தால், பொருளும் உங்களுடையது, பலனும் உங்களுடையது. விசைத்தறி வைத்திருக்கிறவர் தறியில், கடை வைத்திருக்கிறவர் சரக்கில் போடுவதும் முதலீடுதான். தெரிந்த தொழிலை விட்டுவிட்டுத் தெரியாத எண்ணெயில் ஏன் குதிக்க வேண்டும்?

இன்னொரு விஷயம். ஒப்பந்தம் சரியாக இருந்தாலும், பொதுமக்களின் உரிமையைப் பறிக்கிற முதலீடு கூடாது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு இந்த மூன்றிலும் மக்கள் எல்லோரும் பங்காளிகள் என்று நபியவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மஃரிப் என்ற இடத்து உப்பு வளத்தை அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்டபோது நபியவர்கள் கொடுத்தார்கள். அது வற்றாத ஊற்றைப் போன்ற பொதுவளம் என்று தெரியவந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு தோழருக்குக் கொடுத்ததையே திரும்பப் பெற்றார்கள் என்றால், கொசஸ்தலை ஆற்றில் ராத்திரியில் மணல் அள்ளுகிற லாரியில் பங்கு வைத்துக்கொண்டு, நான் வட்டி வாங்கவில்லையே என்று சொல்ல முடியுமா? ஆற்றின் மணல் போனால் கிணற்றின் தண்ணீர் போகும். அந்தக் கிணற்றுக்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அது அவருடைய ஹக்கு. மறுமையில் கேள்வி உண்டு.

உள்கட்டமைப்பு முதலீட்டுக்கு நம் வரலாற்றில் அழகான முன்மாதிரி உஸ்மான் (ரலி) அவர்கள். மதீனாவில் ரூமா கிணற்றின் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. ஏழைகள் சிரமப்பட்டார்கள். உஸ்மான் (ரலி) தங்கள் பணத்தில் அதை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை, முதலை விற்காமல் பலனை மட்டும் மக்களுக்குக் கொடுக்கிற வக்ஃபாக்கினார்கள். முதல் அழியாது, லாபம் நிற்காது, கியாரண்டி கொடுப்பவன் அல்லாஹ். நிச்சயமான லாபம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் தேட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கடைசியாகச் சில விஷயங்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எதையும் எழுதாமல் செய்யாதீர்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம், பகராவின் 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. மச்சானாக இருந்தாலும் எழுதுங்கள், சாட்சி வையுங்கள்.

இரண்டு, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் "சசேத்" இணையதளத்தில் பாருங்கள். அனுமதியில்லாத டெபாசிட்டைத் தடை செய்ய 2019-இலேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். மறைத்தால் அடுத்த வீடு ஏமாறும்.

மூன்று, மனைவியின் மஹரும் நகையும் அவளுடைய சொத்து. அவள் மனப்பூர்வமாகச் சம்மதிக்காமல் அதை அடகு வைத்து எந்தத் திட்டத்திலும் போடாதீர்கள். ஏஜென்ட் கமிஷனுக்காகச் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிடுகிற இளைஞர்களே, நீங்கள் சேர்த்த ஒவ்வொரு ஆளின் பணத்துக்கும் உங்களிடம் கேள்வி உண்டு.

நான்கு, தாடியைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து, புர்காவைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். என்னைப் பார்த்தும் கொடுக்காதீர்கள். இமாம் சொன்னார் என்று யாராவது ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால், அந்தப் பேச்சையே அவர் ஈமானுக்கும் உங்கள் பணத்துக்கும் ஆபத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மிம்பரில் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் இல்லை. பள்ளிவாசல் வராந்தாவிலும் நோட்டீஸ் கொடுக்க விடாதீர்கள் என்று ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமை நாளில் செல்வத்தைப் பற்றி நம்மிடம் இரண்டு கேள்விகள் வரும் என்று நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய். வாழ்நாளைப் பற்றி ஒரு கேள்விதான், பணத்துக்கு இரண்டு. அதற்குப் பதில் தயாரிக்கிற இடம் இந்த துன்யாதான்.

யா அல்லாஹ்! எங்களுக்கு ஹலாலான ரிஸ்கைப் போதுமானதாக ஆக்குவாயாக! வட்டியை விட்டும், மோசடியை விட்டும், பேராசையை விட்டும் எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக! தங்கள் சேமிப்பை இழந்து தவிக்கிற சகோதர சகோதரிகளுக்கு, இழந்ததை விடச் சிறந்ததைக் கொடுப்பாயாக! கடன்பட்டவர்களின் கடனை அடைக்க வழி திறப்பாயாக! எங்கள் ஊரையும், எல்லா மக்களையும் அமைதியோடும் நல்ல மழையோடும் வாழ வைப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரக்காத்துஹு.